இரண்டு டப்பாவும் என்னுடையது

கிள்ளிப்பாலம் தாண்டும்வரை நான் திரும்பிப் பார்க்கவில்லை. தோளில் ஒரு பை. பையில் இரண்டு கைலி, ஒரு சட்டை, துண்டு, போன் சார்ஜர். திருவனந்தபுரத்தில் எட்டு மாதம் இருந்து நான் சேர்த்தது அவ்வளவுதான். பின்னால் சாலைக் கம்போளச் சந்தையின் இரைச்சல் தேய்ந்துகொண்டே வந்தது. எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது போனில் வந்த ஒரு பெண்ணின் குரல் மட்டும்.

"அண்ணா, பேடிக்கண்டா, பயப்படாதீங்க. ரிசல்ட் வந்துடுச்சு. அண்ணனுக்கும் இசக்கி அண்ணனுக்கும் டிபி இருக்கு. மத்த மூணு பேருக்கும் இல்லை. மருந்து இருக்கு, ஆறு மாசம் சாப்பிட்டா மாறும். ரெண்டு பேரும் இன்னைக்கே வரணும், கேட்டோ?"

கேட்டேன் என்று சொல்லிவிட்டு அறைக்குப் போய்ப் பையை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டேன். நோய்க்குப் பயந்து மட்டும் நடக்கவில்லை. அவளுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். சோதனைக்குப் போன அந்த இரண்டு டப்பாவிலும் இருந்தது என் சளி.

அவள் பெயர் அனகா. திருவனந்தபுரத்தில் உள்ள ஒரு மருத்துவக் கல்லூரியில் படிக்கிறாள். அங்கே ஒவ்வொரு மாணவரும் சில குடும்பங்களைத் தத்தெடுத்து, படிப்புக் காலம் முழுக்கப் போய்ப் பார்த்து வரவேண்டுமாம். மற்ற பிள்ளைகள் வீடுகளாகப் பார்த்து எடுத்தார்கள். இவள் எங்கள் அறைக்குள் தலையை நீட்டி, "இங்கே எத்தனை அடுப்பு?" என்று கேட்டாள். ஒன்றுதான் என்றோம். "ஒரே அடுப்பில் சமைச்சு உண்றவங்க ஒரே குடும்பம். அப்படித்தான் எங்களுக்குப் படிப்பிச்சது" என்று சொல்லிப் பாரத்தை விரித்துவிட்டாள். ஐந்து ஆண்கள், நாலு ஊர், மூன்று சாதி. எங்களை ஒரு குடும்பம் என்று எழுதிய முதல் ஆள் அவள்தான்.

வயதில் மூத்தவன் என்று என்னைக் குடும்பத் தலைவராகப் போட்டாள். துரை, நாற்பத்தொன்று, எட்டாம் வகுப்பு. அடுத்த கட்டம், தலைவருக்கு மற்றவர்கள் என்ன உறவு என்பது. தங்கராசு, "பங்காளின்னு போடுங்க" என்றான். இசக்கி எழுந்து வந்து பாரத்தை எட்டிப் பார்த்தான். "எனக்கு இவரு மாமியா. தெனமும் உப்பு கூடிப்போச்சு, புளி கொறஞ்சுபோச்சுன்னு ஒரே கொறைதான். மாமியான்னே போட்டுருங்கம்மா." அவள் சிரித்துவிட்டு எல்லாருக்கும் 'மற்றவர்' என்று எழுதிக்கொண்டாள்.

நாங்கள் வேலை செய்தது ஒரு வத்தல் மண்டியில். லாரியில் ஏற்றி இறக்குவது யூனியன்காரர்கள். உள்ளே மிளகாய் வத்தலைக் கொட்டி, காம்பு கிள்ளி, சலித்து, மறுபடி மூட்டை பிடிப்பது நாங்கள். வத்தல் மண்டியில் இருமாதவன் புது ஆள் என்று அர்த்தம். எட்டு மாதமாக நான் இருமியதை நானே பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள்தான் இரண்டாவது தடவை வந்தபோது, எங்கள் எல்லார் இருமலையும் ஒரு ஓரமாக நின்று கேட்டுவிட்டு, அடுத்த நாள் சாயங்காலம் பெயர் ஒட்டிய ஐந்து டப்பாவோடு வந்தாள்.

"காலையில் எழுந்ததும் வாய் கொப்பளிச்சுட்டு நெஞ்சிலிருந்து எடுக்கணும். எச்சில் வேண்டாம். நல்ல சளி வேணும். எச்சில் ஆனா லேபில் எடுக்க மாட்டாங்க, இன்னொரு நாள் மறுபடி கொடுக்கணும்."

இன்னொரு நாள் என்றால் இன்னொரு காலை வேலை போகும். மறுநாள் விடியுமுன் குழாயடியில் ஐவரும் நின்று காறினோம். இசக்கி அரைமணி நேரம் காறியும் வெறும் எச்சில்தான் வந்தது. மண்டிக்கு நேரமாகிவிட்டது. பீடி கேட்பது மாதிரி டப்பாவை என் பக்கம் நீட்டினான். "அண்ணே, ஒமக்குத்தான் நெறைய வருதே. எனக்கும் ஒரு வாய் போடும்."

நான் போட்டேன். அந்த அறையில் சோப்பு, கைலி, ஆதார் கார்டு, செருப்பு எல்லாம் கைமாறும். சளியும் மாறியது. பக்கத்து அறைக்காரர்களுக்கும் டப்பா வந்திருந்தது; அவர்கள் நின்ற குழாயடியிலும் யாரோ யாரிடமோ, "எனக்கும் கொஞ்சம்" என்று கேட்டுச் சிரித்தது காதில் விழுந்தது. அன்று அது சிரிப்பாகத்தான் இருந்தது.

பஸ்ஸும் ரயிலும் கிடைக்கும் தம்பானூர் வந்து சேர்ந்தபோது வெயில் உச்சியில் இருந்தது. நாகர்கோவில் பஸ்ஸா, ரயிலா என்று நின்றேன். சூரத், விசாகப்பட்டினம், ஓசூர் என்று எத்தனையோ ஊரை இப்படித்தான் விட்டு வந்திருக்கிறேன். பையை எடுத்தால் நடை தானாக வரும். அன்று வரவில்லை. ஒரு கடையில் சோறும் மீன் கறியும் கேட்டேன். குடிக்கச் சுடச்சுடச் சிவப்புத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். நம் பக்கம் பானைத் தண்ணீர் கேட்டால் முறைப்பார்கள்; இங்கே சுக்கோ ஏதோ மரக்கட்டையோ போட்டு வெந்நீர் தராமல் சோறு போட மாட்டார்கள். தம்ளரைக் கையில் எடுத்தேன். எனக்கு அடுத்து இதில் யார் குடிப்பான் என்று தோன்றியது. கீழே வைத்துவிட்டேன். கடைக்காரன், "எந்தா அண்ணாச்சி, வெள்ளம் குடிக்கல?" என்றான். வெளியே போய்ப் பாட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தேன்.

இசக்கிக்குப் போன் போட்டால் அணைத்து வைத்திருந்தான். கொஞ்ச நேரத்தில் தங்கராசு கூப்பிட்டான்.

"என்னண்ணே, நீரும் ஓடிட்டீரா?"

"இசக்கி எங்கலே?"

"அந்தப் பயலுக்கு எப்பமும் ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசணும். அந்தப் புள்ள போன் பண்ணி டிபின்னு சொன்னது மண்டி முழுக்கக் கேட்டுச்சு. மொதலாளி இனிமே வரவேண்டாம்னுட்டாரு. பாயைத் தூக்கி ரோட்டுல போட்டாச்சு. விதுராவுல அவன் அக்கா வீடு இருக்குல்லா, அங்க போயிட்டான். அழுதுட்டே போனாம்ணே." குரலைத் தாழ்த்தினான். "ஒமக்கும் இருக்குன்னு எனக்கு மட்டுந்தான் தெரியும். நீரு அப்பிடியே ஊருக்குப் போயிரும். யாரும் கேக்க மாட்டாவ."

அவன் நல்லதுக்குத்தான் சொன்னான். அதைக் கேட்டபிறகு என் கால் பஸ் பக்கமும் போகவில்லை, ரயில் பக்கமும் போகவில்லை. இசக்கியின் அக்காவுக்குக் கைக்குழந்தை உண்டு. அதைப் பற்றி அவன் தினம் பேசுவான். பல் முளைத்ததைக்கூட மண்டியில் எல்லாருக்கும் சொன்னான். இப்போது அந்த வீட்டில் அவனை என்ன செய்வார்கள்? அன்று ரயில்நிலையத்து மேடையின் கடைசியில், கூரை முடிந்து காற்று அடிக்கும் இடத்தில், யாரும் பக்கத்தில் இல்லாமல் படுத்தேன். இருமல் வரும்போதெல்லாம் துண்டை வாயில் அடைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை விதுரா போகும் ஆனவண்டியில் ஏறினேன். இங்கே அரசு பஸ்ஸுக்கு அப்படித்தான் பெயர். கடைசி இருக்கை, ஜன்னலோரம். முகத்தை வெளியே நீட்டிக்கொண்டு போனேன். பேரூர்க்கடை வரை பிரச்சினை இல்லை. அதற்கு மேல் மழை பிடித்தது. நம் ஊர் பஸ்ஸில் கண்ணாடி உடைந்திருக்கும், மழை வந்தால் எல்லாரும் நனைவோம். இங்கே ஜன்னலுக்குக் கண்ணாடியே கிடையாது, மேலே சுருட்டிய ஷட்டர். மழை வந்ததும் ஆளாளுக்குப் படபடவென்று இழுத்துவிட்டார்கள். ஒரு நிமிடத்தில் பஸ் மூடிய பெட்டியாகிவிட்டது. இருட்டு, வேர்வை, அத்தனை பேரின் மூச்சு. அதில் என் மூச்சும்.

நான் என் ஷட்டரை மட்டும் திறந்துவைத்தேன். முன்னால் இருந்தவர் திரும்பி, "அண்ணா, சட்டரு இடு, நனையுது" என்றார். ஒரு பெண் இடம் தேடி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மடியில் மூன்று வயதுப் பிள்ளை. அது என்னைப் பார்த்துச் சிரித்தது. தொண்டையில் இருமல் வந்து நின்றது. பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டு எழுந்து மணிக்கயிற்றை இழுத்தேன்.

"விதுராவுக்குல்ல டிக்கெட் எடுத்தது?" என்றார் கண்டக்டர்.

"வாந்தி வருது சார்."

கொட்டும் மழையில் இறங்கி, பஸ் போனபிறகு இருமி முடித்தேன். அப்புறம் நடந்தேன். எவ்வளவு தூரம் என்று தெரியவில்லை. நெடுமங்காடு வந்தபோது உடம்பில் காய்ந்த இடம் இல்லை.

அங்கே ஒரு கடைத் திண்டில் ஒதுங்கிப் புட்டும் பயறும் பப்படமும் வாங்கிச் சாப்பிட்டேன். கையால் பிசைந்துதான் சாப்பிட வேண்டும், பப்படத்தை நொறுக்கிச் சேர்க்க வேண்டும். எட்டு மாதத்தில் அந்த வித்தை வந்துவிட்டது. பக்கத்தில் இரண்டு பெண்கள் தம்ளரில் பால் விடாத கட்டஞ்சாயா வைத்துக்கொண்டு பேசினார்கள். மலையாளம்தான், எனக்கு இப்போது முக்கால்வாசி புரியும்.

"நாளைக்கு அந்த மெடிக்கல் காலேஜ் பிள்ளைங்க வருதாம்."

"வரட்டும். போன தடவை சர்க்கரை பார்க்க வந்துட்டு, என் பலாமரத்தில் ஏறி ரெண்டு சக்கை பறிச்சுத் தின்னுட்டுப் போச்சு."

"முதல் வருசம் வந்தப்ப என்னெல்லாம் கேட்டுச்சு! எத்தனை கோழி, எத்தனை கக்கூஸ், புருசன் குடிப்பாரான்னு. விரட்டி விட்டேன்."

"இப்ப விரட்டு பார்ப்போம்."

"இப்ப எப்படி? என் காலில் புண்ணு ஆறலைன்னு என்னை விட முதல்ல பார்த்தது அந்தப் பொடிப்பையன்தானே. ரெண்டு பஸ் மாறி அவனே கூட்டிட்டுப் போனான். சக்கை வேணும்னா தின்னட்டும்."

அவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அனகாவும் அப்படித்தான் வந்தாள். நல்ல சளி கேட்டாள். நாங்கள் அறையிலேயே நல்லதாகப் பார்த்துக் கொடுத்தோம்.

மழை விட்டதும் அடுத்த வண்டி கிடைத்தது. அது மேட்டில் ஏறும்போது புகை விட்டு நின்றுவிட்டது. டிரைவர் இறங்கித் தண்ணீர் ஊற்றினார். ஆட்கள் ரோட்டோரம் நின்று அரசாங்கத்தைத் திட்டினார்கள். எனக்கு அது வசதியாக இருந்தது. வெட்டவெளியில் தள்ளி நின்றுகொண்டேன். விதுரா சேர மதியம் தாண்டிவிட்டது. சந்தைக்கு எதிரில் இருந்த கடையில் தங்கராசு சொன்ன அடையாளம் சொல்லிக் கேட்டேன். எஸ்டேட் வேலை விட்டு இறங்கி ரப்பர் வெட்டும் ராஜன், அவர் பெண்டாட்டி பேச்சியம்மாள். "ஓ, நம்ம ராஜன். அவன் வீட்டில் யாரோ தீனக்காரன் வந்திருக்கிறதா சொன்னாங்களே" என்று கடைக்காரர் வழி காட்டினார். தீனம் என்றால் இங்கே நோய். ஒரு நாளில் அது சந்தை வரைக்கும் வந்திருந்தது.

ரப்பர் தோட்டத்தின் நடுவில் ஓட்டு வீடு. வீட்டுக்குப் பின்னால், ரப்பர் ஷீட்டைப் புகைபோட்டுக் காயவைக்கும் புரை ஒன்று. சிறிய செங்கல் அறை, உள்ளே கம்பு கம்பாக மஞ்சள் ஷீட் தொங்கும், கீழே விறகு புகைந்துகொண்டிருக்கும். அதற்குள்ளிருந்து இருமல் கேட்டது. ஒரு மனிதன் இருமும் சத்தத்தில் இவ்வளவு பயம் இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

பேச்சியம்மாள் இடுப்பில் குழந்தையோடு வந்தாள். நான் கை காட்டித் தள்ளியே நிற்கச் சொன்னேன். 

"இசக்கியோட கூட்டாளியா? அவன் அங்கதான் இருக்கான். எங்க வீட்டுக்காரருதான் அங்க போட்டாரு. புகையில கிருமி செத்துரும்னு சொல்லுதாரு. நேத்துலேர்ந்து இருமல் கூடிட்டேதான் போவுது அண்ணாச்சி. இவன் போன மாசம் வந்தப்ப பிள்ளைய மடியிலேயே வச்சிருந்தான். பிள்ளைக்கு வந்துருக்குமா?"

புரையின் கதவைத் திறந்தேன். இசக்கி கதவோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். கண் இரண்டும் சிவந்து நீர் வழிந்தது. பக்கத்தில் கல்லின் மேல் கழுவாத தட்டு. என்னைப் பார்த்ததும் பின்னால் நகர்ந்தான்.

"கிட்ட வராதீரும்! எனக்கு முத்திப்போச்சு. இருமுதேன் பாரும். சளி கூட வருது இப்பம்."

"புகைக்குள்ள ஒக்காந்தா மாடு கூட இருமும்லே. வெளிய வா."

வெளியே காற்றில் உட்காரவைத்தேன். கொஞ்ச நேரத்தில் அவன் இருமல் அடங்கியது. என்னுடையது அடங்கவில்லை. அவன் அதைக் கவனித்தான்.

ஒருவழியாகச் சொன்னேன். "ஒன் டப்பாவுல இருந்தது என்னது. ரிசல்ட் ரெண்டும் எனக்குத்தான் வந்துருக்கு."

டிபி என்ற பயத்தில் குழாயடியில் நடந்ததே அவனுக்கு மறந்துபோயிருந்தது; இப்போதுதான் நினைவு வந்தது. அப்புறம் காலில் கிடந்த செருப்பைக் கழற்றி என் மேல் எறிந்தான். தோளில் பட்டது. இன்னொன்றையும் எறிந்தான். அது தவறி வாழைக்குள் போனது.

"ஒரு வாய் கேட்டா இப்பிடியாவே குடுப்பீரு?" என்று கத்தினான். கத்தியவனே பிறகு முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தான். "நாந்தானே கேட்டேன். நானே வாயால கேட்டு வாங்குனேன்."

சத்தம் கேட்டு ராஜன் வந்தார். ரப்பர் பால் எடுக்கும் வாளி கையில் இருந்தது. நடந்ததைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. "உமக்கு ஆள் வேணும், கூட்டிட்டுப் போறதுக்குக் கதை கட்டுறீர். காலேஜ்ல எழுதிக் கொடுத்தது பொய்யா? படிச்சவங்க சொன்னது பொய்யா?"

"அவங்க சொன்னது நெசம். டப்பாவுல இருந்ததைத்தான் சொன்னாங்க. உள்ள யாரோடது இருந்துச்சுன்னு எங்க ரெண்டு பேருக்குத்தானே தெரியும்?"

பேச்சியம்மாள் தள்ளி நின்றபடியே கேட்டாள். "அப்ப இவனுக்கு இல்லையா அண்ணாச்சி?"

இல்லை என்று சொல்ல வாய் வந்தது. அவள் இடுப்பில் இருந்த பிள்ளையைப் பார்த்தேன். இசக்கி எட்டு மாதம் என் பக்கத்துப் பாயில் படுத்தவன்.

"தெரியாதும்மா. இவன் இன்னும் துப்பவே இல்லை."

அன்று எங்கள் இருவருக்கும் திறந்த மாட்டுக்கொட்டிலில் இடம் கிடைத்தது. கப்பை என்கிற மரவள்ளிக்கிழங்கை வேகவைத்துக் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தித் துவையலோடு இலையில் வைத்துத் தந்தார்கள். தட்டு தரவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. மிளகாயோடு பிழைக்கிற எனக்கே அந்தக் காந்தாரி கண்ணில் நீர் வரவழைத்தது.  இசக்கி என் இலையில் உப்பு இல்லை என்று பார்த்துவிட்டு, தன் இலையிலிருந்து எடுத்து வைக்கக் கை நீட்டினான். பாதியில் நினைவு வந்து கையை இழுத்துக்கொண்டான்.

மூன்றாம் நாள் காலை இறங்கினோம். பஸ்ஸில் அவன் முன்னால், நான் பின்னால். ஷட்டர்கள் திறந்திருந்தன, வானம் வெளுத்திருந்தது. நெடுமங்காட்டுக்கும் கல்லூரிக்கும் இடையில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கி ஓடிவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. இசக்கி ஒவ்வொரு நிறுத்தத்திலும் திரும்பிப் பார்த்தான். அவனுக்கு என்னைத் தெரியும்.

காலையில் போன் செய்து சொல்லியிருந்தோம்; அனகா கல்லூரி வாசலில் காத்திருந்தாள். இரண்டு நாளாக எங்கள் எண்ணுக்கு அழைத்து அழைத்து ஓய்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் முகக்கவசம் ஒன்றை நீட்டிவிட்டுக் கொட்டினாள். "குடும்பத் தலைவர் ஓடிப்போனா நான் யாரைப் போய்ப் பார்க்கும்? எங்க மேடம் கிட்ட எந்து பறயும், என்ன சொல்லுவேன்?"

எங்களை மரத்தடியில் நிற்கவைத்தாள்; நடந்ததைச் சொன்னேன். அவள் எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. காது சிவந்தது. "நான் அடுத்த நாள் வந்து நின்று வாங்கியிருக்கணும்" என்றாள் மெதுவாக. "டப்பாவை வச்சுட்டுப் போயிட்டேன். காலையில் எனக்கு வகுப்பு."

அவளுடைய மேடம், அந்தத் துறையின் பேராசிரியை, நரைத்த முடியும் ரப்பர் செருப்புமாக வந்தார். திட்டுவார் என்று நின்றோம். அவர் தமிழில் ஒரே கேள்விதான் கேட்டார். "ஏன் எங்களிடம் சொல்லவில்லை?"

"நீங்க கேக்கலையேம்மா. நல்ல சளி வேணும்னு கேட்டீங்க. அறையில இருந்ததுலேயே நல்லதா பாத்துக் குடுத்தோம்."

அவர் அனகா எழுதியதை வாங்கிப் படித்தார். பிறகு, "மற்ற அறைகளிலும் இப்படி நடந்திருக்குமா?" என்றார். குழாயடியில் காதில் விழுந்ததைச் சொன்னேன்.  இருக்கிறது என்று வந்த ஆட்களை விட, இல்லை என்று வந்த ஆட்களை நினைத்துத்தான் தனக்கு இப்போது பயமாக இருக்கிறது என்றார். இல்லை என்ற சீட்டை நம்பி ஒருவன் ஊருக்குப் போய்ப் பிள்ளை குட்டியோடு படுத்திருப்பான். உள்ளே இருந்தது வேறு யாருடைய சளியாகவோ இருக்கும்.

"பாரத்தில் இதற்கு ஒரு கட்டம் போட்டால்?" என்று அனகா கேட்டாள்.

"பாரத்துக்குப் பொய் சொல்லுவோம்மா" என்றான் இசக்கி. மூன்று நாளில் அவன் சொன்ன முதல் வேடிக்கை அதுதான்.

அவனுக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். உப்புநீர் ஆவியை மூக்கில் வைத்து இழுக்கச் செய்து, அனகா பக்கத்திலேயே நின்று, அவன் நெஞ்சிலிருந்து கொஞ்சம் சளி வரவழைத்தாள். அவனுடைய சொந்தச் சளி. அது சோதனை இயந்திரத்துக்குள் போனது. நாங்கள் வராந்தாவின் இரண்டு முனையில் உட்கார்ந்திருந்தோம். அவன் குழந்தையின் போட்டோவைப் போனில் திறந்து திறந்து மூடினான். சாயங்காலம் சீட்டு வந்தது. இப்போதைக்கு இல்லை. ஆனால் கூடப் படுத்தவன் என்பதால் மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், இருமல் வந்தால் உடனே வரவேண்டும். அக்காவின் குழந்தைக்கும் பக்கத்து ஆஸ்பத்திரியில் ஒருதடவை காட்டிவிடச் சொன்னார்கள்.

இசக்கி தன் போனை அனகாவிடம் கொடுத்தான். "மொதலாளிக்கு நீங்களே சொல்லுங்க. ஸ்பீக்கர்ல போட்டுச் சொல்லுங்க. அவரையும் ஸ்பீக்கர்ல போடச் சொல்லுங்க."

அவள் சொன்னாள். மறுமுனையில் மூட்டை விழும் சத்தம் கேட்டது. "சரி சரி, பார்க்கலாம்" என்றது முதலாளியின் குரல். 

எனக்கு எடை பார்த்து மாத்திரை கொடுத்தார்கள். ஆறு மாதம் ஒருநாள் விடாமல். பாரத்தில் ஒரு கட்டம், ஆறு மாதத்துக்கான முகவரி. நான் எந்த ஊரிலும் ஆறு மாதம் கழித்து இங்கேதான் இருப்பேன் என்று எழுதிக் கொடுத்ததில்லை. பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தங்கராசுவுக்குப் போன் போட்டேன். அவன் மற்றவர்களிடம் கேட்டுவிட்டுத் திரும்ப அழைத்தான். "அறைக்குள்ள இப்பம் வேண்டாம்னு சொல்லுதாவ. மொட்டமாடில தார்ப்பாய் கட்டித் தாரோம். அடுப்பு அதேதான். சோறு மேல வந்துரும்." நான் பழைய முகவரியையே எழுதினேன்.

போகும்போது பேராசிரியை கேட்டார். "அந்த அறைகளில் இருந்து ஊருக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். நாங்கள் கேட்டால் சொல்ல மாட்டார்கள் இல்லையா?"

"மாட்டாவ."

"நீங்கள் கேட்டால்?"

மறுநாள் காலை அந்த வேலைக்குப் போனேன். சாலைக் கம்போளத்துக்குப் பின்னால் ஒரு வாசகசாலை உண்டு. அதன் முற்றத்து மாமரத்தடியில் எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். நாலு பக்கமும் காற்று. முகக்கவசம் போட்டுக்கொண்டு தனியாக உட்கார வேண்டும், யாரும் கிட்ட வரக்கூடாது. தினக்கூலி உண்டு. கையில் ஒரு போனும், அனகா எழுதிக் கொடுத்த பெயர்ப் பட்டியலும். அவள் கொஞ்சம் தள்ளிப் படிக்கட்டில் உட்கார்ந்து நோட்டை விரித்துவைத்திருந்தாள்.  

முதல் பெயர் சுப்பையா. தேங்காய்க் கிட்டங்கிக்குப் பின்னால் இருந்த அறை. சோதனையில் இல்லை என்று வந்தவன். கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருந்தான். போனை எடுத்ததும் பின்னால் மேளச் சத்தமும் ஒரு பிள்ளையின் சிணுங்கலும் கேட்டன.

"துரை அண்ணனா? என்னண்ணே காலையிலயே? எனக்குத்தான் ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாவளே."

"சொன்னாவ. அந்தச் சளி ஒன்னோடதுதானாலே?"

  அவன் மிகவும் தாழ்ந்த குரலில் கேட்டான்.

"யாருண்ணே சொன்னா?"

"மடியில யாருலே இருக்கா?"

"எம் மவ."

"இறக்கி விட்டுட்டு வெளிய வா. பேசுவோம்."